எத்தனை தொலைவு? எத்தனை நேரம்?
சிங்கப்பூர் – நியூயார்க் வான்வழி குறித்த ஒரு விளக்கம்



சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தொலைவு என்று கேட்டால் இருவகை விடைகள் கிடைக்கும். ஒருவர் 15,349 கிலோமீட்டர் என்பார். இன்னொருவர் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் என்பார். இரண்டாம் விடை தவறன்று. தொலைவை நேரத்தால் சொல்வது தமிழருக்குப் பழகிய முறையே. 'நாழிகை வழி' என்பது நம் முன்னோர் வழங்கிய ஓர் அளவு. நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவே நாழிகை வழி. நடந்தே ஊர்விட்டு ஊர் சென்ற காலத்தில் தொலைவும் நேரமும் ஒரே சொல்லுக்குள் அடங்கின.

வானூர்திப் பயணத்தில் அவை அவ்வளவு எளிதாக அடங்குவதில்லை. பெரிய பயணிகள் விமானம் ஒன்று காற்றில்லாத உயர்வானில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் செல்லும். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி 3 நிமிடம் கிடைக்கிறது. ஆனால் 2020 நவம்பரில் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே இடைநில்லாச் சேவை தொடங்கியபோது, கால அட்டவணை வேறு கணக்கைக் காட்டியது. போவதற்கு 18 மணி 5 நிமிடம். திரும்புவதற்கு 18 மணி 40 நிமிடம். கூடுதலான ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? இரு திசையிலும் தொலைவு ஒன்றாயிருக்க, நேரம் மட்டும் ஏன் வேறுபடுகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டைப் படமும் உருண்டைப் புவியும்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அளவுகோலால் இணைத்துப் பார்ப்போம். கோடு மேற்கு நோக்கிச் சென்று இலங்கையைத் தொட்டு, ஏமனையும் சகாரா பாலைவனத்தையும் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் சென்று நியூயார்க்கை அடையும். நேர்க்கோடுதான் மிகக் குறுகிய வழி என்று படித்த மாணவர், விமானம் இவ்வழியே செல்லும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர். உண்மையான குறுகிய வழியைவிட இது 3,000 கிலோமீட்டருக்கும் மேல் அதிகம்.

பிழை அளவுகோலில் இல்லை, படத்தில் உள்ளது. இத்தகைய படத்தை 1569-ஆம் ஆண்டு கெரார்டஸ் மெர்கேட்டர் வரைந்தளித்தார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக் கப்பல் செலுத்தும் மாலுமிக்கு அப்படம் பேருதவி புரிந்தது. அதற்காகவே அது வரையப்பட்டது. உருண்டையைத் தட்டையாக்கும்போது ஏதேனும் ஒன்றை இழந்தே ஆகவேண்டும். மெர்கேட்டர் படம் திசையைக் காத்தது. பரப்பையும் தொலைவையும் விட்டுக்கொடுத்தது. அதனால்தான் அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றுகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதனைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது.

குறுகிய வழியைக் காண ஓர் உருண்டைப் படமும் ஒரு நூலும் போதும். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக இழுத்துப் பிடித்தால், நூல் தானே வடக்கு நோக்கி நழுவும். கம்போடியா, தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றின்மேல் சென்று, வடதுருவத்துக்கு அருகே கடந்து, கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். புவியின் மையத்தை ஊடறுக்கும் தளம் புவிப்பரப்பில் வெட்டும் இவ்வட்டத்தைப் 'பெருவட்டம்' என்கிறோம். உருண்டையின்மேல் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி எப்போதும் ஒரு பெருவட்டத்தின் பகுதியே ஆகும்.

மாணவர் கையால் போடக்கூடிய கணக்கு

இந்த இணைக்கு ஒரு சிறப்பு உண்டு. சாங்கி விமான நிலையம் வட அகலக்கோடு (அட்சரேகை) 1.36 பாகையிலும், கிழக்கு நெடுங்கோடு (தீர்க்கரேகை) 103.99 பாகையிலும் உள்ளது. கென்னடி விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78. இரு நெடுங்கோடுகளையும் கூட்டினால் 177.77 பாகை. 180-க்கு இஃது எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதைக் காண்க. அதாவது இவ்விரு விமான நிலையங்களும் வடதுருவத்தின் இருபுறமும் ஏறக்குறைய நேருக்கு நேராக அமைந்துள்ளன. எனவே முக்கோணவியல் வாய்பாடு எதுவுமின்றித் தொலைவைக் கணக்கிடலாம்.

சாங்கியிலிருந்து வடதுருவம் வரை 90 – 1.36 = 88.64 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 90 – 40.64 = 49.36 பாகை. இரண்டும் சேர்ந்து 138 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. புவிப்பரப்பில் ஒரு கலையின் நீளமே ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆகவே 138 × 60 = 8,280 கடல்மைல்; அதனை 1.852-ஆல் பெருக்கினால் 15,335 கிலோமீட்டர்.

வெளியிடப்படும் எண்ணுக்கும் நம் கணக்குக்கும் வேறுபாடு வெறும் 14 கிலோமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அச்சிறு வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. புவி முழு உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் ஒரு பாகையின் நீளம் நிலநடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். நம் வழி துருவத்தை ஒட்டிச் செல்வதால் சில கிலோமீட்டர் கூடுகிறது. மெய்யான குறுகிய வழி துருவத்தின் மேலேயே செல்லாமல் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் விலகிச் செல்வதால் சிறிது குறையவும் செய்கிறது.

ஒரு பாகையின் நீளத்தை மனிதர் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. அந்த வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னையின் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதற்கு 57 நாள்கள் பிடித்தன. அந்தக் கோட்டிலிருந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணியே பின்னர் குமரிமுனை முதல் இமயத்தின் அடிவாரம் வரை நீண்டு, புவியின் வளைவையும் பாகையின் நீளத்தையும் நுட்பமாக அறிய உதவியது. இன்று சென்னை விமான நிலையம் அப்பரங்கிமலைக்கு அருகிலேயே உள்ளது. அங்கே இறங்கும் ஒவ்வொரு விமானத்தின் வழிக்கணக்கிலும் அத்தகைய அளவைப் பணிகளின் பயன் அடங்கியிருக்கிறது.

கோட்டைவிட்டு விலகும் விமானம்

பெருவட்டம் குறுகிய வழி என்றாலும் விமானம் அதன்மேல் அப்படியே செல்வது அரிது. வானம் எல்லையற்றதாகத் தோன்றினாலும் அங்கும் எல்லைகள் உண்டு. ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளி அந்நாட்டின் உரிமை; அது மறுத்தால் சுற்றித்தான் செல்லவேண்டும். இதற்கு ஹெல்சிங்கி – தோக்கியோ வழி நல்ல சான்று. ரஷ்ய வான்வெளி திறந்திருந்த காலத்தில் ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த அப்பயணம், 2022-இல் அவ்வான்வெளி மூடப்பட்டபின் வடதுருவம் சுற்றி ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு இடையிலான தொலைவை அரசியல் நீட்டியது.

பாதுகாப்பு விதிகளும் வழியை வளைக்கின்றன. இரண்டே எஞ்சின் கொண்ட விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய வழியிலேயே செல்லவேண்டும். துருவப் பகுதியிலோ அத்தகைய நிலையங்கள் மிகச் சில. அங்கே காந்தத் திசைகாட்டியை நம்ப இயலாது. கடுங்குளிரில் எரிபொருள் உறைந்துவிடாமல் காப்பதும் தேவை. நாம் பரவலாகப் பயன்படுத்தும் விமான எரிபொருளின் உறைநிலை – 47 பாகை செல்சியஸ்.

எனவே வழி என்பது என்றென்றைக்குமாக வரைந்துவைத்த கோடன்று. வானிலை, காற்று, வான்வெளி அனுமதி ஆகியவற்றை ஆராய்ந்து ஒவ்வொரு பயணத்துக்கும் அது புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் துருவத்தை நாடாமல், ஜப்பானை ஒட்டிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து செல்கிறது. சில நாள்களில் இவ்வழி பெருவட்டத்தைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. நீண்ட வழியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? விடை காற்றில் உள்ளது.

காற்றின் கணக்கு

தரைக்கு மேல் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும் வலிய காற்று உண்டு. அதனைத் தாரைக்காற்று என்கிறோம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேல் அதன் வேகம் சில வேளைகளில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்கு அது பின்காற்று. மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்கு எதிர்க்காற்று.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். தொலைவு 15,000 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்றின் வேகம் 100 என்க. காற்றில்லாவிடில் பயணம் 16 மணி 40 நிமிடம். பின்காற்றில் வேகம் 1,000 ஆவதால் 15 மணி நேரம். எதிர்க்காற்றில் வேகம் 800 ஆவதால் 18 மணி 45 நிமிடம். ஒரே தொலைவுக்கு மூன்றே முக்கால் மணி நேர வேறுபாடு!

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். போகும்போது கிடைத்த ஆதாயமும் வரும்போது நேர்ந்த இழப்பும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் அவ்வாறில்லை. காற்றில்லா வானில் போய்வர 33 மணி 20 நிமிடம். காற்றுள்ள வானில் 33 மணி 45 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் செலவிடும் நேரம் அதிகம். ஆகையால் காற்றின் தீமையும் அதிக நேரம் நீடிக்கிறது. இவ்வுண்மையை ஆற்றுநீரில் படகோட்டும் கணக்காக நம் பாடநூல்களிலும் காணலாம்.

இப்போது நம் வினாவுக்கு விடை தெளிவாகிறது. பசிபிக் வழி நீளமானதாயினும் பின்காற்று கிடைப்பதால் நியூயார்க்கை விரைவில் அடையலாம். திரும்பும்போதும் சில நாள்களில் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து கிழக்கு நோக்கியே வருவதுண்டு. அந்நாள்களில் போய்வரும் பயணி புவியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். கால அட்டவணையில் காணும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். விமானம் ஒரு நிலையத்தில் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்ந்தது முதல் மறு நிலையத்தில் நிறுத்துமிடத்தை அடையும் வரையுள்ள நேரம் அது. ஓடுபாதைக்குச் செல்வதும், மெல்ல மேலேறுவதும், இறங்குமுன் காத்திருப்பதும் அதில் அடங்கும். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் இவ்வாறுதான் சேர்கிறது.

தாரைக்காற்றின் வரலாற்றில் மொழி ஆசிரியர் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி, தத்தேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அக்காற்றை அளந்தார். உலகம் முழுதும் படிக்கட்டும் என்று தம் ஆய்வை 1926-இல் எஸ்பராந்தோ மொழியில் வெளியிட்டார். ஆனால் அம்மொழியை அறிந்த வானிலை அறிஞர் மிகச் சிலரே. ஆய்வு பெரும்பாலும் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1944-இன் இறுதியில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானிகள் எதிர்பாராத பெருங்காற்றில் சிக்கித் தடுமாறினர். ஓயிஷியின் அளவுகளோ பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தன.

கடிகாரமும் நாட்காட்டியும்

நியூயார்க் விமானம் சாங்கியிலிருந்து விடியற்காலை 2:25-க்குப் புறப்பட்டு, அதே நாள் காலை 7:30-க்கு நியூயார்க்கை அடையும்படி முதல் அட்டவணை அமைந்தது. சுவர்க் கடிகாரங்களை மட்டும் பார்ப்பவருக்குப் பயணம் ஐந்து மணி ஐந்து நிமிடம்தான். குளிர்காலத்தில் நியூயார்க் நம்மைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அதனைக் கூட்டவேண்டும்; கூட்டினால் 18 மணி 5 நிமிடம் வரும். திரும்பும் பயணத்திலோ இரவு 10:30-க்குப் புறப்பட்டவர் மறுநாளைக்கும் மறுநாள் காலை 6:10-க்குத்தான் வந்து சேர்வார். இடையிலுள்ள ஒரு நாள் பயணத்திலேயே கரைந்துபோகிறது.

புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சிங்கப்பூரின் நெடுங்கோடான 104-ஐ 15-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 வரும். கதிரவனைப் பின்பற்றினால் நாம் கிரீனிச்சைவிட 7 மணி நேரமே முன்னிருக்கவேண்டும். ஆனால் 8 மணி நேரம் முன்னிருக்கிறோம். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா, சபா – சரவாக்குடன் நேரத்தை ஒன்றாக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளியது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. நம் ஊரில் காலை ஏழு மணியளவில் கதிரவன் உதிப்பதன் காரணம் இதுவே.

எரிபொருளின் விலை

இத்தகைய தொலைவை இடைநில்லாது கடப்பதன் பெருந்தடை எரிபொருளே. அதனைச் சுமப்பதற்கும் எரிபொருள் தேவை. இவ்வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 நெடுந்தொலைவு விமானத்தின் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். முழுதும் நிரப்பினால் அதன் எடை ஏறத்தாழ 132 டன். விமானம் புறப்படும்போது இருக்கத்தக்க உச்ச எடையே 280 டன்தான். அதில் ஏறத்தாழ பாதி எரிபொருளாகவே இருக்கலாம். ஆகவே பயணிகளைக் குறைக்கவேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இவ்விமானத்தில் 161 இருக்கைகளையே அமைத்தது. குறைந்த கட்டண வகுப்பே இல்லை. அந்நிறுவனத்தின் வழக்கமான நெடுவழி ஏ350 விமானத்தில் 253 இருக்கைகள்.

2004-இல் நான்கு எஞ்சின் கொண்ட விமானத்தால் நியூயார்க்கை அடுத்த நுவார்க் நகருக்குத் தொடங்கிய முதல் இடைநில்லாச் சேவை, எரிபொருட் செலவு தாளாமல் 2013-இல் நின்றது. இரண்டு எஞ்சினும், எடை குறைந்த கரிம இழை உடலும் கொண்ட புதிய விமானம் வந்தபின் 2018-இல் மீண்டும் தொடங்கியது. எனினும் ஒரு டன் எரிபொருள் எரிந்தால் மூன்று டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளியேறும் என்பது எந்த விமானத்துக்கும் பொதுவான வேதியியல். தொலைவைக் கணக்கிடக் கற்கும் மாணவர், அத்தொலைவுக்குப் புவி கொடுக்கும் விலையையும் கணக்கிடக் கற்கவேண்டும்.

முப்பது மணி நேரம் பறந்தவர்கள்

இன்றைய பதினெட்டு மணி நேரம் மிக நீண்டது என்று நாம் எண்ணலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943 சூலை முதல் 1945 வரை கெட்டலினா என்னும் கடல்விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலி அருகேயுள்ள கொக்கல ஏரி வரை பறந்தன. தொலைவு ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். நேரம் 27 மணி முதல் 32 மணிக்கும் மேல். பகைவருக்குத் தெரியாதிருக்க வானொலியை அணைத்து, விண்மீன்களைக் கொண்டே வழி கண்டனர். எரிபொருள் சுமை காரணமாக மூன்று பயணிகளுக்கே இடமிருந்தது. ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை உதிப்பதை அவர்கள் கண்டதால் 'இரட்டை உதயம்' என்றே அப்பயணம் பெயர் பெற்றது. அன்றைய தொலைவைப்போல் மும்மடங்குக்குச் சற்றுக் குறைந்த தொலைவை, அன்றைய நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இன்று கடக்கிறோம். ஆயினும் எரிபொருளுக்காகப் பயணிகளைக் குறைக்கும் கட்டாயம் மாறவில்லை.

வகுப்பறைக்கு

இக்கட்டுரையில் பெருவட்டம், பாகை, கலை, கடல்மைல், அகலக்கோடு, நெடுங்கோடு, தாரைக்காற்று, பின்காற்று, எதிர்க்காற்று ஆகிய சொற்களைப் பயன்படுத்தினோம். இவற்றுள் எதுவும் மாணவருக்கு எட்டாத சொல்லன்று. சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் பயில்கின்றனர். தமிழ் வகுப்பில் பெரும்பாலும் பண்டிகையும் பண்பாடும் பேசப்படுகின்றன. அவையும் வேண்டியனவே. ஆனால் ஒரு மொழியில் அளக்கவும் வகுக்கவும் காரணம் காட்டவும் பழகாத பிள்ளை, வளர்ந்தபின் அம்மொழியைச் சிந்தனைக்குரியதாகக் கொள்ளமாட்டான். ஓயிஷியின் ஆய்வு படிப்பாரின்றிக் கிடந்ததற்குக் காரணம் அதன் தரக்குறைவன்று. அந்த மொழியில் அறிவியலைத் தேடிப் படிக்கும் கூட்டம் உருவாகியிருக்கவில்லை. தமிழுக்கு அக்கூட்டம் இருக்கிறது. அதனைப் பேணுவது வகுப்பறையின் கையில் உள்ளது.

ஆசிரியர்கள் ஓர் உருண்டைப் படத்தையும் ஒரு முழம் நூலையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லலாம். முதலில் நியூயார்க் கணக்கை மாணவரே செய்யட்டும். பின்னர்ச் சிங்கப்பூருக்கு நேர் எதிரே, புவியின் மறுபுறத்தில் எந்த நாடு உள்ளது என்று தேடட்டும். எக்குவடோர் என்று கண்டுபிடிப்பர். அங்குச் செல்ல எத்திசையில் புறப்பட்டாலும் தொலைவு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரே; புவியில் இரு இடங்கள் அதைவிடத் தொலைவில் இருக்க இயலாது. ஏன் என்பதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வீட்டில் தாத்தா பாட்டியிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கு விளங்கினால், மாணவருக்கும் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.